சிங்காரம் கை நனைக்கப் போன நாள்

சிங்காரத்துக்கு ஆப்பரேசன் நடந்தது தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். என்ன ஆப்பரேசன் என்பதுதான் யாருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் அவர் மனைவி பாஞ்சாலை "குடலிறக்கம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். அதற்கு மேல் கேட்டால் முறைத்தாள். பாஞ்சாலை முறைத்தால் கங்காணியே பேச்சை மாற்றிக்கொள்வார், மற்றவர்கள் எம்மாத்திரம்?

நடந்தது வேறு. கோலாலம்பூரில் பெரிய ஆசுபத்திரியில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு சீன டாக்டர், சிங்காரத்தின் இரைப்பையில் ஒரு கோப்பை அளவுக்கு மட்டும் இடம் விட்டுவிட்டு மீதியைப் பிரித்துத் தைத்துவிட்டார். அந்தக் கோப்பை அளவு வயிற்றோடு குடலை இழுத்து இணைத்தார். உடம்பு இளைக்க வைக்கிற ஆப்பரேசனாம். எண்பத்து நாலாம் வருஷம் அப்படி ஒன்று இருப்பதே கேமரன் மலையில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்கள். சோறு தின்னாமல் இருப்பதற்கு வயிற்றை அறுத்துக்கொண்டானாம் என்று லயத்து வீடுகளில் வீட்டுக்கு வீடு கதை கட்டியிருப்பார்கள். பாஞ்சாலை பயந்ததும் அதற்குத்தான்.

ஆனால் அறுக்காமல் என்ன செய்வது? சிங்காரம் அப்போது அப்படி இருந்தார். தேயிலை ஆலையில் ரோலர் மெஷினில் வேலை. கொளுந்து நிறுக்கிற தராசில் பையன்கள் விளையாட்டுக்கு அவரை ஏற்றினால் முள் அந்தக் கோடிக்குப் போய் முட்டிக்கொண்டு நிற்கும். மாரியம்மன் கோயில் திருவிழாச் சாப்பாட்டில் மூன்று இலைக்குக் குறைந்து எழுந்ததில்லை. "மூணு எல" என்றே அவருக்குப் பெயர். சாப்பிட்டார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. லோரியில் மண் ஏற்றுகிற மாதிரி ஏற்றினார். ருசி பார்க்க நேரம் ஏது?

ஒருநாள் காலையில் கொளுந்து வாட்டுகிற மாடிக்கு ஏறும்போது பாதிப் படியில் மூச்சு நின்று உட்கார்ந்தவர்தான், அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை. தூக்க வந்தவர்கள் தூக்க முடியாமல் டிராக்டரைக் கூப்பிட்டார்கள். அந்த வெட்கத்தை நினைத்தால் சிங்காரத்துக்கு இன்றைக்கும் காது சுடும். தானா ராத்தா டவுன் டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு மக இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றார் சிங்காரம். "இப்படியே போனா அவ கல்யாணத்துக்கு நீங்க இருக்க மாட்டீங்க."

மகள் ஜெயா ஒரே பிள்ளை. அதற்கு மேல் சிங்காரம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கே கைநாட்டு வைக்கணும் என்று மட்டும் கேட்டார்.

ஆசுபத்திரியில் ஒரு மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி அவருக்குச் சாப்பிடக் கற்றுக்கொடுத்தாள். நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனிதனுக்குச் சாப்பிடக் கற்றுக்கொடுப்பது என்றால் பாருங்கள். முதலில் மீன், முட்டை, கோழி, அப்புறம் காய், சோறு கடைசி. ஒவ்வொரு வாயையும் கூழாகிற வரைக்கும் மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. ஒரு வேளைக்கு ஒரு கோப்பை, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு கோப்பை. விக்கல் எடுத்தால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம், உடனே நிறுத்த வேண்டும். இனிப்பு மட்டும் வேண்டவே வேண்டாம்.

முதல் மாதங்களில் சிங்காரம் அழுதார். ஒளித்து என்ன, அழத்தான் செய்தார். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். ஒரு தடவை கோயிலில் யாரும் பார்க்காத நேரம் ஓர் உருண்டை கேசரியை வாயில் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றி, கண் இருட்டி, தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாமி வந்துவிட்டது என்று யாரோ வேப்பிலையைக் கொண்டுவந்தார்கள். பாஞ்சாலைக்கு மட்டும் தெரியும் என்ன வந்தது என்று. வீட்டுக்கு வந்ததும் அவருக்கு விழுந்த வசவில் கேசரி ஆசையே அடியோடு போய்விட்டது.

அப்புறம்தான் வேடிக்கை. மென்று மென்று சாப்பிட்டதில், அதுவரை தெரியாத ருசியெல்லாம் சிங்காரத்துக்குத் தெரிய ஆரம்பித்தது. பாஞ்சாலை ரசத்தில் மிளகைக் கொஞ்சம் கரகரப்பாகத் தட்டிப் போடுகிறாள் என்பதைக் கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்துக் கண்டுபிடித்தார். அவித்த முட்டையில் உப்பு எந்தப் பக்கம் தூக்கல் என்று சொன்னார். ஜெயா சின்ன வயதில் பால் குடித்த நீல மங்குக் கோப்பைதான் அவருக்குத் தட்டு. அதை மடியில் வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்து, எதிர் மலையில் தேயிலையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக மெல்லுவார். உடம்பு இளைத்தது. மூச்சு வந்தது. வாட்டுகிற மாடிக்கு ஏறி இறங்கினார். சந்தோஷமாகத்தான் இருந்தார்.

"என்னா மூணு எல, கோப்பையில இறங்கிட்டீங்க?" என்று ஆலையில் கேலி செய்தால், "கோப்பைக்குள்ளதாண்டா எல்லாம் இருக்கு" என்று சிரிப்பார்.

இந்த நேரத்தில்தான் ஜெயாவுக்கு மாப்பிள்ளை வந்தான். வந்தான் என்று ஊருக்குச் சொன்னார்கள். உண்மையில் அவன் முன்னமே வந்துபோய்க்கொண்டுதான் இருந்தான். ஜெயா பிரிஞ்சாங்கில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தாள். கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த பக்கிரிசாமியின் மகன் வேலப்பன் அங்கே உரம் வாங்க வருவான். அவன் வாங்கிப் போன உரத்தையெல்லாம் நிஜமாகவே போட்டிருந்தால் கோலா தெர்லாவில் ஒவ்வொரு முட்டைக்கோசும் ஒரு வீடு அளவுக்கு விளைந்திருக்க வேண்டும். பாஞ்சாலைக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி இருந்தாள். முறையாகப் பெண் கேட்டு வரட்டும், அப்போது ஆச்சரியப்பட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். கேட்டு வந்தார்கள். அவளும் ஆச்சரியப்பட்டாள்.

பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் பால் விடாத தே ஓ மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள். அதுதான் வழக்கம். பேச்சு முடிவாகாமல் ஒரு வீட்டில் மற்ற வீட்டார் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். வீடு பிடித்து, மனசு ஒத்துப்போனால் அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். கை நனைத்துவிட்டால் சம்மதம், அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிவிடலாம். நனைக்காமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். வாயால் சொல்லத் தேவையே இல்லை.

அன்றைக்கு மாப்பிள்ளையின் அம்மா அம்மாக்கண்ணு பெண்ணைப் பார்த்ததைவிடச் சிங்காரத்தைப் பார்த்ததுதான் அதிகம். தொளதொளவென்று தொங்கிய சட்டையைப் பார்த்தாள். கழுத்தில் மடிந்து கிடந்த தோலைப் பார்த்தாள். புதிதாக ஓட்டை போட்ட இடுப்பு வாரைப் பார்த்தாள். சிங்காரம் நெளிந்தார். பழைய பெருமையைக் கேள்விப்பட்டிருப்பாள், அதுதான் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கை நனைக்க வரச்சொல்லிச் செய்தி வந்தது. சிங்காரத்துக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது, இருக்கிற கொஞ்ச வயிற்றில்.

"சொல்லிட்டா என்ன பாஞ்சால? ஆப்பரேசன் பண்ணிக்கிட்டேன், இவ்வளவுதான் சாப்புட முடியும்னு."

"சொல்லுவீங்க. அப்பன் சீக்காளி, மகளுக்கு என்ன வருமோன்னு அவங்க பின்வாங்கிடுவாங்க. அந்தப் புள்ள மொகத்த நீங்க பார்ப்பீங்களா?" பாஞ்சாலை கையில் இருந்த துணியை உதறி மடித்தாள். "எம்பேச்சக் கேளுங்க. சின்னையா ஒங்க பக்கத்துல ஒக்காருவான். ஒங்க எலையில விழறத நைசா அவன் எலைக்குத் தள்ளிவிடுங்க. தம்பிதானே, தின்னுக்குவான்."

சின்னையா பாஞ்சாலையின் தம்பி. எதைக் கொடுத்தாலும் தின்பான், எவ்வளவு கொடுத்தாலும் தின்பான். அந்த விஷயத்தில் அவனை நம்பலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பும்போது ஜெயா அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அவள் எதையும் கேட்டு வாங்குகிற பெண் இல்லை. பள்ளிக்கூட நாளில் செருப்புத் தேய்ந்தால்கூடச் சொல்ல மாட்டாள். அன்றைக்கு மட்டும் காலரை விடாமல் பிடித்துக்கொண்டே, "பார்த்துக்குங்கப்பா" என்றாள். இந்தக் கல்யாணம் தன்னால் கெட்டுப்போவதைவிட, மறுபடியும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு சிங்காரம் லோரியில் ஏறினார்.

பக்கிரிசாமியின் வீடு சரிவில் இருந்தது. பலகை வீடு, தகரக் கூரை, சுற்றிலும் படிப்படியாக முட்டைக்கோசு. வாசலிலேயே கோழிக்கறி வாசனை ஆளை இழுத்தது. வேலப்பன் ஓடி வந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டான். நல்ல பையன். வீட்டையும் தோட்டத்தையும் சுற்றிக் காட்டினார்கள். பாஞ்சாலை அடுப்படி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, புருஷனைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். பிடித்திருக்கிறது. இனிச் சாப்பாடுதான் பாக்கி.

மலைக்குக் கீழே தாப்பாவிலிருந்து வரவழைத்த பெரிய பெரிய வாழை இலை. சிங்காரம் ஓர் இலையில் உட்கார, சின்னையா திட்டப்படி அடுத்த இலைக்குப் போனான். அதற்குள் பக்கிரிசாமி அவன் தோளைப் பிடித்து நகர்த்தினார்.

"நீங்க அங்கிட்டு ஒக்காருங்க தம்பி. மச்சான் பக்கத்துல நாந்தான் ஒக்காருவேன். அந்தக் காலத்துல பிரிஞ்சாங்ல ஒரு கல்யாணத்துல இவரு பக்கத்துல ஒக்காந்தேன் லா! இவரு சாப்புட்டதப் பார்த்தே எனக்கு வயிறு நெறஞ்சிருச்சு."

போச்சு. பாஞ்சாலையின் திட்டம் சோற்றைப் போடுவதற்கு முன்னாலேயே கவிழ்ந்தது. அடுப்படிக் கதவோரம் நின்றிருந்த அவள் முகத்தைப் பார்க்கவே சிங்காரத்துக்குத் தைரியம் வரவில்லை.

அம்மாக்கண்ணுவே பரிமாறினாள். முதலில் ஜவ்வரிசிப் பாயசம், ஒரு பெரிய டம்ளர் நிறைய.

"மொதல்ல இனிப்பு, அண்ணே. நல்ல காரியம் பேச வந்திருக்கீங்க, முழுசாக் குடிச்சிருங்க."

நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் இனிப்பை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? சிங்காரம் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அம்மாக்கண்ணு நகரவில்லை. அவள் கண் டம்ளரிலேயே இருந்தது. ஜெயா காலரைப் பிடித்தது ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டார். ஏலக்காயும் முந்திரியுமாக அவ்வளவு நன்றாக இருந்தது, பாவி மனுஷனுக்கு.

பிறகு விழுந்தது பாருங்கள். சோறு, ஒரு குன்று. சாம்பார், கோசு பொரியல், உருளைக்கிழங்கு, அப்பளம், கம்பத்து நாட்டுக்கோழியைத் தேங்காய் போட்டுப் பிரட்டியது, அதற்கு மேல் மறுபடியும் கோழி. பக்கிரிசாமி ஒவ்வொன்றுக்கும் "மச்சானுக்கு இன்னும் வை" என்றார். சிங்காரம் ஒரு துண்டு கோழியை எடுத்து மென்றார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். பக்கிரிசாமி பேச்சை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தார். இரண்டாவது துண்டு. மூன்றாவது துண்டுக்கு விக்கல் எடுத்தது.

அதோடு பாயசமும் வேலையைக் காட்டியது. நெஞ்சு அடிக்கிற சத்தம் காதில் கேட்டது. நெற்றியில் வேர்த்து, மூக்கு நுனியில் வழிந்து இலையில் சொட்டியது. எதிரே அம்மாக்கண்ணு சோற்றுக் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். இன்னொரு அகப்பை விழுந்தால் அவ்வளவுதான், செத்தோம். இலையில் மலை மாதிரி மிச்சமிருப்பது அவள் கண்ணில் படக் கூடாது என்று மட்டுமே சிங்காரத்துக்குத் தோன்றியது. கண் மங்குகிற நேரத்தில் புத்தியும் மங்கும்தானே? தன் பக்கத்து விளிம்பைத் தூக்கி, இலையை அப்படியே முன்பக்கமாக மடித்து மூடிவிட்டார்.

கூடத்தில் எல்லார் கண்ணும் அந்த இலைக்குப் போனது.

நல்ல விருந்தில் சாப்பிட்டவன் இலையைத் தன்னைப் பார்க்க மடிப்பான். உறவு தொடரட்டும் என்று அதற்கு அர்த்தம். முன்பக்கமாகத் தள்ளி மடிப்பது எழவு வீட்டில். இதோடு போகட்டும், இனி இந்தச் சாப்பாடு வேண்டாம் என்று மடிப்பது அது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. கல்யாணம் பேச வந்த இடத்தில், சம்பந்தி வீட்டுக் கூடத்தில், சிங்காரம் எழவுக்கு மடிக்கிற மாதிரி மடித்துவிட்டார்.

சின்னையா இடது கையால் தலையில் அடித்துக்கொண்டான். வேலப்பன் தண்ணீர்ச் சொம்போடு நின்ற இடத்திலேயே நின்றான். பக்கிரிசாமி கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே போட்டார்.

"புடிக்கலன்னா வாயாலயே சொல்லியிருக்கலாம் மச்சான்," என்றார் மெதுவாக. "வீட்டுக்கு வந்து, எங்க சோத்துல கைய வச்சிட்டு, இப்படிப் பண்ணணுமா?"

"ஐயோ, இல்லைங்க..." என்று எழப் பார்த்தார் சிங்காரம். கால் நிற்கவில்லை. மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஜெயாவின் வாழ்க்கையைத் தன் கையாலேயே மடித்து மூடிவிட்டோம் என்று நினைத்ததும் கண்ணில் தண்ணீர் முட்டியது.

அம்மாக்கண்ணு சோற்றுக் கூடையைக் கீழே வைத்தாள். நேராக அவர் எதிரில் வந்து குந்தினாள்.

"அண்ணே, எலய விடுங்க. ஒங்க ஒடம்புக்கு என்னா? மறைக்காம சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல, பித்தம்," என்றாள் பாஞ்சாலை கதவோரத்திலிருந்து அவசரமாக. "லோரில வந்தாருல்ல, பித்தம் தலைக்கேறிடுச்சு."

"எங்க அண்ணியும் பித்தம்னுதான் சொன்னாங்க," என்றாள் அம்மாக்கண்ணு. குரல் உடைந்தது. "எங்கண்ணன் இப்படித்தான் பாதியா எளச்சிருச்சு. கேட்டா பத்தியம்னுச்சு. இப்படித்தான் ரெண்டு வாய்க்கு மேல எறங்காம வேர்த்து ஒக்காந்துச்சு. கடைசில பார்த்தா வயித்துல புத்துநோய். ஒரு வருசம் மறைச்சு வச்சிட்டாங்க. நாங்க போறதுக்குள்ள பேச்சே நின்னு போச்சு. பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே ஒங்களப் பார்த்தேன். அன்னையிலேருந்து எனக்குத் தூக்கமில்ல. மூணு எல சாப்புடுற மனுசராச்சே, வந்து சாப்புடுறாரான்னு பார்ப்போம்னுதான் இவ்வளவும் ஆக்கினேன்."

பாஞ்சாலைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "அப்ப, விருந்து வச்சி எம்புருசனச் சோதிச்சீங்களா?"

"நீங்க மறைச்சீங்க, நான் சோதிச்சேன்!"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் சிங்காரம். இனி மறைத்து யாருக்கு என்ன லாபம்? அவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்று பாஞ்சாலை பதறினாள்.

"நீ சும்மா இரு, பாஞ்சால."

நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரைக்கும் நேராக ஓடியது தழும்பு. இரண்டு பக்கமும் காலியான தோல் மடிந்து கிடந்தது. சிங்காரம் எல்லாவற்றையும் சொன்னார். மாடிப்படியைச் சொன்னார், டிராக்டரைச் சொன்னார், தானா ராத்தா டாக்டர் கேட்ட கேள்வியைச் சொன்னார். வயிற்றைத் தைத்துச் சின்னதாக்கியதைச் சொன்னார். இனிப்புக்கும் தனக்கும் இனிமேல் ஆகாது, பாயசத்தைக் குடித்ததால்தான் இந்த வேர்வை, கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்றார். "எனக்குச் சீக்கு இல்ல தங்கச்சி. எம்மக கல்யாணத்தப் பார்க்கணும்னுதான் அறுத்துக்கிட்டேன். எலைய மடிச்சது தெரியாம மடிச்சது. எனக்குக் கண்ணே தெரியல அப்ப."

அம்மாக்கண்ணு தழும்பைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அழுகைதான், ஆனால் அதிலேயே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

"இவ்வளவுதானா? அட கடவுளே, இவ்வளவுதானா? நான் ஒங்களுக்குக் கருமாதியே பண்ணி முடிச்சிட்டேனே மனசுல!"

பக்கிரிசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "அப்பாடி" என்று சுவரில் சாய்ந்தார். சின்னையா இதுதான் சமயம் என்று கோழியில் கை வைத்தான். பாஞ்சாலை கொஞ்ச நேரம் விறைப்பாகத்தான் நின்றாள். பிறகு அவளும் தரையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். "பயந்துட்டேன் அண்ணி. சீக்காளி வீட்டுப் பொண்ணுன்னு வேணாம்னுருவீங்களோன்னு." அம்மாக்கண்ணு அவள் முதுகில் செல்லமாக ஒரு அடி வைத்தாள். கொஞ்சம் பலமான அடிதான்.

சிங்காரத்தைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார்கள். வேலப்பன் அவருக்கு விசிறினான். மலைக்குளிரில் விசிறி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் படபடப்பு அடங்கி, வேர்வை காய்ந்து, சிங்காரம் எழுந்து உட்கார்ந்தார். உடம்பு சரியாகிவிட்டது. ஆனால் இன்னொரு சங்கடம் கூடத்திலேயே கிடந்தது. முன்பக்கமாக மடித்த அந்த இலையை எடுக்க யாருக்கும் கை வரவில்லை.

"அத அப்படி விட்டா நல்லாருக்காது," என்றார் பக்கிரிசாமி தாடையைச் சொறிந்துகொண்டு. "புது எல போட்டு மச்சான் மறுபடி சாப்புட்டு ஒழுங்கா எந்திரிக்கணும். அப்பதான் வெத்தல மாத்த எனக்கு மனசு வரும்."

"இப்ப முடியாதே," என்றார் சிங்காரம் பரிதாபமாக. "ரெண்டு மணி நேரம் ஆவணும்."

"ஆவட்டும்," என்றாள் அம்மாக்கண்ணு. அந்த இலையைத் தானே சுருட்டி எடுத்துக் கொல்லையில் போட்டுவிட்டு வந்தாள். "ஒங்களுக்கு எங்க போவணும்? இருங்க. பொழுதுக்கும் இருங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ சாப்புடுங்க. ஆக்கினதெல்லாம் நீங்க ருசி பார்க்காம நான் விடமாட்டேன்."

அப்படித்தான் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் பொழுதுக்கும் தங்கினார்கள். சின்னையா ஒவ்வொரு தடவையும் கூடவே சாப்பிட உட்கார்ந்தான், அவனுக்கு வயிறு தைக்கவில்லை.

எந்தப் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டில் இவ்வளவு நேரம் இருந்திருக்க மாட்டார்கள். விருந்து முடிந்தால் ஒரு மணி நேரம் பேசுவார்கள், கிளம்புவார்கள். ஒருவரைப் பற்றி ஒருவருக்கு என்ன தெரியும்? இவர்களுக்கு அன்றைக்குத் தெரிந்தது. புது இலையில், உள்ளங்கை அளவு கோழியும் பொரியலும் ஒரு பிடி ரசச் சோறும் சிங்காரத்துக்கு வைத்தார்கள். அவர் மென்று தின்ன, பக்கிரிசாமி பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெற்றிலை பாக்கு மாறியது. அதற்குப் பிறகும் யாரும் கிளம்பவில்லை. பெண்கள் பூண்டு உரித்துக்கொண்டே இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்களையும் ஒருவர் விடாமல் அலசினார்கள். ஆண்கள் தோட்டத்தில் இறங்கிக் கோசைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். வேலப்பனுக்குக் கோபம் வந்தால் எப்படி இருப்பான் என்றுகூடச் சிங்காரம் பார்த்துவிட்டார், லோரி கிளம்ப மறுத்தபோது. திட்டவில்லை, உதைக்கவில்லை, கீழே படுத்து வேலையைப் பார்த்தான்.

மூடுபனி இறங்குகிற நேரத்துக்குக் கடைசியாக ஒரு தடவை சாப்பிட உட்கார்ந்தார் சிங்காரம். அம்மாக்கண்ணு மதியம் வைத்த கோழிப் பிரட்டலைச் சுண்டச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். அப்போது பயத்தில் தின்ற அதே கோழிதான். இப்போது மெதுவாக மென்றால், தேங்காயை அவள் வறுத்து அரைத்திருப்பது தெரிந்தது, சோம்பு கொஞ்சம் தூக்கலாக இருப்பதும் தெரிந்தது. "தங்கச்சி, தேங்காய கருக விடாம செவக்க வறுத்திருக்கியே, அங்கதான் இருக்கு கைப்பக்குவம்" என்றார். அம்மாக்கண்ணு பூரித்துப் போனாள். இத்தனை வருஷத்தில் அவள் வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. பக்கிரிசாமி காது கேட்காத மாதிரி கூரை மோட்டைப் பார்த்தார்.

வைத்தது தீர்ந்ததும் சிங்காரத்தின் கை தன்னை அறியாமல் சட்டிப் பக்கம் போனது. "இன்னும் ஒரே ஒரு துண்டு..."

அம்மாக்கண்ணு சட்டியைப் படக்கென்று இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"போதும்ண்ணே. விக்கல் வரப்போவுது. எந்திரிங்க, போயிக் கைய கழுவுங்க."

வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்துப் போதும் என்று சொல்லுகிற வீடு தமிழன் வாழ்கிற எந்த ஊரிலும் கிடையாது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றுதான் சொல்லுவார்கள், இலையைக் கையால் மறைத்தாலும் விடமாட்டார்கள். போதும், எழுந்திரு என்று சட்டியைப் பிடுங்குவது சொந்த வீட்டு ஆளிடம் மட்டும்தான். சிங்காரத்துக்கு இத்தனை நாளாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தது உலகத்திலேயே பாஞ்சாலை ஒருத்தி.

அவர் பாஞ்சாலையைப் பார்த்தார். அவள் அம்மாக்கண்ணுவைப் பார்த்து, அப்படிப் போடுங்க என்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஜெயா இந்த வீட்டில் நன்றாக இருப்பாள் என்று அந்த நிமிஷம் சிங்காரத்துக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, கண்ணெல்லாம் கலங்கியது.

"சரி தங்கச்சி," என்று சொல்லிவிட்டு, எழுந்து கை கழுவப் போனார்.